பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய பின் சம்பளத்தில் வரிப் பிடித்தம்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். அலுவலகங்களில் வருமான வரிக்கான ரசீதுகளைக் கேட்கும் காலம் அது. இம்முறை நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. படித்துக்கொண்டிருந்த மகனோ மகளோ வேலைக்குப் போய்விட்டார்கள்; வரி போடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளச் சென்ற ஏப்ரலில் அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்த கழிவுகள் இப்போது பொருந்தவில்லை; மாதா மாதம் பிடிக்கும் வரியை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். உள்நாட்டுக் கேள்விகளுக்கான பதில்கள் 2025-26 நிதியாண்டுக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களை அடுத்த ஆண்டுக்கு அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2003-க்கு முன் பணியில் சேர்ந்ததால் பொது வைப்பு நிதியில் இருக்கிறேன். இந்த ஆண்டு என் மொத்தச் சம்பளம் 11,40,000 ரூபாய் வரும். இந்தக் கழிவுகள் கிடைக்கும் பழைய வரி முறையில்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். வைப்பு நிதிக்கு 85,000, மகனின் பொறியியல் கல்லூரிக் கட்டணம் 65,000, வீட்டுக் கடன் வட்டி 1,20,000 என்று கணக்கிட்டு மாதம் 6,630 ரூபாய் பிடிக்கிறார்கள். மகன் சென்ற மே மாதம் படிப்பை முடித்து இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான். கடைசிப் பருவத்துக் கட்டணத்தை 2024 டிசம்பரிலேயே கட்டிவிட்டேன். இப்போது ரசீது கேட்கிறார்கள், என்னிடம் இல்லை. எங்கிருந்தாவது ஒரு ரசீது வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்? – ஆசிரியை, அம்பாசமுத்திரம்.

பதில்: அம்மா, முதலில் அந்த ரசீது யோசனையை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். செலுத்தாத கட்டணத்துக்குக் கழிவு கேட்பது, தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகவே கருதப்படும். அதற்கு 270ஏ பிரிவின்படி, தவிர்க்கப்பட்ட வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் உண்டு. நீங்கள் தேடிப் போகும் அந்தக் காகிதத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகப் போவதில்லை என்பதையும் கீழே காட்டுகிறேன்.

நம் சட்டத்தில், பிள்ளை நம்மைச் சார்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றோருக்குக் கிடைக்கும் பொதுவான வரிக்கழிவு எதுவும் இல்லை. ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. 80சி பிரிவில் கல்விக் கட்டணத்துக்கான நிபந்தனை, இந்தியாவில் உள்ள பள்ளியிலோ கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ முழுநேரம் படிக்கும் பிள்ளைக்காக, இரண்டு பிள்ளைகள் வரை, அந்த நிதியாண்டுக்குள் நீங்கள் செலுத்தியிருக்க வேண்டும் என்பதுதான். அதிலும் கற்பிப்புக் கட்டணம் மட்டுமே கணக்கில் வரும். கல்லூரி ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரே தாளில் கற்பிப்புக் கட்டணம், வளர்ச்சி நிதி, பேருந்து, விடுதி, உணவு என்று ஐந்தாறு வரிகள் இருக்கும். நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது சிவப்புப் பென்சிலால் முதல் வரியை மட்டும் அடிக்கோடிட்டுவிட்டு மற்றவற்றைக் கடந்துவிடுவேன். உங்கள் கணக்கில் இந்த ஆண்டுக்கு அந்த முதல் வரியே இல்லை. ஆகவே 65,000 ரூபாய் போய்விட்டது. மகனின் பெயரில் நீங்கள் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் கட்டிவந்தால் அது போகாது. அதற்குப் பிள்ளை உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குப் போன மகனுக்கும் மணமாகிப் போன மகளுக்கும் கட்டிய பிரீமியத்தையும் காட்டலாம். இதை அறியாமல் விட்டுவிடுபவர்கள் பலர்.

இனி தொகைக்கு வருவோம். தொழில்வரியை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். நீங்கள் ஏப்ரலில் சொன்னபடி பழைய முறையில், சம்பளதாரர் எல்லோருக்கும் உரிய 50,000 நிரந்தரக் கழிவும் மற்றவையும் போக, வரிக்குரிய வருமானம் 8,20,000. வரியும் அதன் மேல் 4 சதவீத சுகாதார, கல்வி மேல்வரியும் சேர்ந்து 79,560. பன்னிரண்டால் வகுத்தால் உங்கள் 6,630. கல்விக் கட்டணம் இல்லையென்றால் வரி 93,080 ஆகிறது. மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில் வழங்கப்படுவதால், உங்கள் அலுவலகத்தின் வரிக் கணக்கு மார்ச் சம்பளத்தில் தொடங்கிப் பிப்ரவரி சம்பளத்தோடு முடிந்துவிடும். டிசம்பர் வரை பத்து மாதங்களில் 66,300 பிடித்தாகிவிட்டது. மீதி 26,780 ரூபாயை இரண்டே சம்பளத்தில், மாதம் 13,390 வீதம் பிடிக்க வேண்டும். நீங்கள் அஞ்சுவது இதைத்தான்.

ஆனால் நீங்கள் பழைய முறையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மா. புதிய முறையில் நிரந்தரக் கழிவு 75,000. அது போக உங்கள் வருமானம் 10,65,000. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு; உங்கள் வரி அதற்குள் அடங்கிவிடுவதால் நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. வங்கி வட்டி முதலிய பிற வருமானங்களையும் கூட்டிப் பார்த்து, 12 லட்சத்துக்குள் நிற்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கடன் வட்டி, வைப்பு நிதி, கல்விக் கட்டணம் ஆகிய எதற்கும் இந்த முறையில் இடமில்லை. இடம் தேவைப்படவும் இல்லை.

ஆகவே இந்த வாரமே உங்கள் பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 'என் மகன் படிப்பை முடித்துவிட்டதால் ஏப்ரலில் குறிப்பிட்ட கல்விக் கட்டணக் கழிவை விலக்கிக்கொள்கிறேன். நடப்பு ஆண்டுக்கு என் வரியைப் புதிய முறையில் கணக்கிட்டு, எஞ்சிய மாதங்களின் பிடித்தத்தை மாற்றியமைக்க வேண்டுகிறேன்' என்று இரண்டு வரி போதும். தேதியிட்டு, நகலில் ஒப்புதல் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு நடுவில் முறையை மாற்ற முடியாது என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் முறை, மாதப் பிடித்தத்துக்காக மட்டுமே. வணிக வருமானம் இல்லாத சம்பளதாரர், கணக்குத் தாக்கல் செய்யும்போது தமக்கு ஏற்ற முறையை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளலாம். 2026 ஜூலைக்குள் புதிய முறையில் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்த தொகை முழுவதும், மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும்.

கேள்வி: அண்ணாச்சி, நான் தனியார் நிறுவனம் ஒன்றில் மேலாளர். ஆண்டுச் சம்பளம் 16 லட்சம். பழைய முறையில் இருக்கிறேன். 80சி-யில் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு எங்களுக்கு 25,000, வயதான பெற்றோருக்கு 50,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000, மகளின் கல்விக் கடன் வட்டி 1,40,000 என்று காட்டியிருந்தேன். மகள் பெங்களூரில் வேலையில் சேர்ந்து, ஏப்ரல் தவணையிலிருந்து கடனைத் தானே கட்டிவருகிறாள். கடன் எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் வங்கி தரும் வட்டிச் சான்றிதழிலும் இருவர் பெயரும் இருக்கிறது. அதைக் கொடுத்து நான் கழிவு பெறலாமா? – சேரன்மகாதேவி வாசகர்.

பதில்: பெற முடியாது, ஐயா. 80இ பிரிவின் சொற்கள் தெளிவானவை. கடன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வட்டியை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து நீங்கள் செலுத்தியிருக்கவும் வேண்டும். சான்றிதழில் பெயர் இருப்பது முதல் நிபந்தனையை மட்டுமே நிறைவு செய்கிறது. தவணை யாருடைய கணக்கிலிருந்து போயிற்று என்பதை வங்கிப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். உங்கள் மகளும் தன் அலுவலகத்தில் அதே சான்றிதழைக் கொடுத்திருந்தால், ஒரே வட்டிக்கு இரண்டு இடத்தில் கழிவு கேட்டதாகிவிடும். இந்தக் கழிவு, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கை நான் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மகள் தன் காலில் நின்றதும் தகப்பனாரின் வரி முறையே தலைகீழாக மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். கல்விக் கடன் வட்டியும் சேர்ந்திருந்தபோது, பழைய முறையில் உங்கள் வரிக்குரிய வருமானம் 9,35,000. மேல்வரியோடு வரி 1,03,480. புதிய முறையிலோ நிரந்தரக் கழிவு போக 15,25,000-க்கு 1,13,100. ஆகவே பழைய முறையைத் தேர்ந்தது சரிதான். 9,620 ரூபாய் ஆதாயம் இருந்தது. இப்போது அந்த 1,40,000 விலகிவிட்டதால், பழைய முறையில் வருமானம் 10,75,000 ஆகி, 10 லட்சத்தைத் தாண்டி 30 சதவீத அடுக்கிலும் கால் வைக்கிறது. வரி 1,40,400. புதிய முறையில் மாற்றமில்லை, அதே 1,13,100. இப்போது புதிய முறைதான் 27,300 ரூபாய் குறைவு.

டிசம்பர் வரை ஒன்பது மாதங்களில் உங்களிடம் 77,610 பிடித்திருப்பார்கள். கல்விக் கடன் கழிவை மட்டும் நீக்கிவிட்டுப் பழைய முறையிலேயே தொடர்ந்தால், எஞ்சிய மூன்று மாதங்களில் மாதம் 20,930 பிடிபடும். முறையை மாற்ற நிறுவனம் சம்மதித்தால் மாதம் 11,830. சம்மதிக்காவிட்டால் கூடுதலாகப் பிடித்த 27,300 கணக்குத் தாக்கலின்போது திரும்பி வரும். ஆனால் இந்த மூன்று மாத வீட்டுச் செலவை அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். பிடித்தம் பழைய கணக்கிலேயே போகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது குறையும் தொகையை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அந்தக் குறை 10,000 ரூபாயை எட்டிவிட்டால், முன்கூட்டிய வரி செலுத்தாததற்காக மாதம் ஒரு சதவீத வட்டியும் 234பி, 234சி பிரிவுகளின்படி சேரும்.

இன்னொன்றும் உங்கள் மனத்தில் எழக்கூடும். அடுத்த ஆண்டு முதல் தவணையை நானே கட்டி, கழிவையும் நானே பெற்றால் என்ன? சட்டப்படி தடையில்லை. ஆனால் அப்படிச் செய்வதால் உங்கள் குடும்பத்துக்கு மிச்சமாவது, இந்த ஆண்டு விகிதப்படி, ஆண்டுக்கு அதே 9,620 ரூபாய்தான். தன் படிப்புக்கான கடனைத் தன் சம்பளத்தில் அடைக்கிறேன் என்று ஒரு பெண் முன்வந்திருக்கிறாள். அதை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல என்பது என் கருத்து.

மருத்துவக் காப்பீட்டையும் ஒருமுறை பாருங்கள். 80டி பிரிவில் உங்கள் பங்கான 25,000 என்பது நீங்கள், மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள் ஆகியோருக்கு உரியது. மகளுக்கான பிரீமியப் பங்கை இனி அதில் சேர்க்கக் கூடாது. புதிய முறைக்கு மாறிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவே காரணம். என் மூத்த மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன ஆண்டில், ஜூன் மாதமே நான் பணியாற்றிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன். அந்தத் தாள் கோப்புக்குள் போனதே தவிர, கணக்குக்குள் போகவில்லை. நானும் மாதச் சீட்டைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டை வாங்கி, ஓரத்துத் துளைக் காகிதத்தைக் கிழித்துப் பிரித்தபோது, வருமான வரி என்ற வரியில் வழக்கமான தொகையின் நான்கு மடங்கு இருந்தது. அந்த மாதம் வீட்டு வாடகைக்கு என் தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். பிள்ளைக்கு வேலை கிடைத்த மாதமே எழுதிக்கொடுங்கள் என்று சொல்வதோடு, அடுத்த மாதச் சீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள் என்றும் நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். ஜூன் மாதம் ஏறியிருந்தால் ஒன்பது மாதங்களில் பரவியிருக்கும் சுமை, பிப்ரவரியில் ஒரே சம்பளத்தின் மேல் விழுகிறது.

கேள்வி: என் மகனுக்குக் காது கேளாமை உண்டு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்கிறது. 80டிடி பிரிவில் 75,000 கழிவு பெற்றுவருகிறேன். இப்போது அவனுக்கு அச்சகம் ஒன்றில் மாதம் 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என் பிடித்தத்தில் மாற்றம் வேண்டுமா? – ஒரு தாய், மேலப்பாளையம்.

பதில்: உங்கள் மகனுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள், அம்மா. 80டிடி பிரிவு, முழுவதுமாகவோ பெரும்பாலுமோ உங்களையே சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிக்காக ஏற்பட்டது. மாதம் 20,000 சம்பாதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் மகனை அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கழிவை விலக்கிக்கொள்வதாக அலுவலகத்துக்கு எழுதிக்கொடுங்கள். தமக்கென்று 80யு பிரிவில் கழிவு பெறும் உரிமை உங்கள் மகனுக்கு உண்டு. அதை அவர் பெற்றாலும் நீங்கள் 80டிடி-யில் கேட்க முடியாது. அவருடைய ஆண்டு வருமானம் 2,40,000 என்பதால் எந்த முறையிலும் அவருக்கு வரி வராது. சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். சம்பளம் உயரும்போது உதவும்.

கேள்வி: ஐயா, என் தம்பி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரில் குடும்பத்தோடு இருக்கிறான். எல்லோரும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறார்கள். மகனுக்கு 22 வயது. 2025 மே மாதம் கல்லூரி முடித்து ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தான். மகளுக்கு 2026 ஜூனில் 17 வயது நிறைகிறது. 2025 தொடக்கத்தில் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தம்பி தன் நிறுவனத்துக்குக் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தில் பிள்ளைகளுக்காக 2,500 டாலர் எழுதியிருக்கிறான். அதை மாற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறான். கல்லிடைக்குறிச்சியில் என்னோடு இருக்கும் எங்கள் 81 வயதுத் தாயாருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். அவர் பெயரையும் அந்தப் படிவத்தில் சேர்க்க முடியுமா? – கல்லிடைக்குறிச்சி வாசகர்.

பதில்: நம் ஊரில் ஒவ்வொரு பிரிவாகத் தேடிப் பார்க்க வேண்டியதை, அமெரிக்காவில் சார்ந்திருப்பவர் என்ற ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். அதனால் அங்கே பிள்ளை அந்தச் சொல்லுக்கு வெளியே போனதும் மாற்றம் நேரடியாகச் சம்பளத்தில் தெரியும்.

2020-இல் டபிள்யூ-4 படிவம் புதிதாக அமைக்கப்பட்டது. அதற்கு முன் இருந்த எண்ணிக்கை முறை போய், வரியில் குறைக்க வேண்டிய டாலர் தொகையை மூன்றாம் படியில் நேரடியாக எழுதும் முறை வந்தது. ஆண்டு இறுதியில் 17 வயது நிறையாத பிள்ளைக்கு ஒரு தொகை. மற்றச் சார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் 500 டாலர். 2025 தொடக்கத்தில் இருந்த படிவத்தில் பிள்ளைக்கான தொகை 2,000. உங்கள் தம்பி மகளுக்கு 2,000, மகனுக்கு 500 என்று கூட்டி 2,500 எழுதியிருக்கிறார். அந்த ஆண்டின் நடுவில் வந்த சட்டத்தால் 2,000 என்பது 2,200 ஆயிற்று. ஆகவே 2025-ஆம் ஆண்டுக்கு அவர் எழுதியதில் குறை ஒன்றுமில்லை.

மகன் ஆகஸ்டிலேயே வேலைக்குப் போய்விட்டானே, 2025-க்கு அவனைக் காட்டலாமா என்ற ஐயம் எழும். பெரும்பாலும் காட்டலாம். அங்குள்ள விதிப்படி 24 வயது நிறையாத பிள்ளை, ஆண்டின் ஏதேனும் ஐந்து மாதங்களில் முழுநேர மாணவராக இருந்தால் போதும். ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் ஆகிவிட்டது. கல்லூரி விடுதியில் தங்கியிருந்த காலமும் பெற்றோர் வீட்டில் இருந்ததாகவே கொள்ளப்படும். ஆண்டில் பாதிக்கு மேல் பெற்றோரோடு இருந்திருக்க வேண்டும். தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்றிருக்கக் கூடாது. இவை பொருந்தினால் 2025-க்கு அவன் உங்கள் தம்பியைச் சார்ந்தவனே. ஆனால் மகன் தனக்கென்று தாக்கல் செய்யும் கணக்கில், தன்னை வேறொருவர் சார்ந்திருப்பவராகக் காட்ட முடியும் என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிட வேண்டும். அவன் குறியிடாமல் முதலில் தாக்கல் செய்துவிட்டால், தகப்பனாரின் கணக்கு இணைய வழியில் நிராகரிக்கப்படக்கூடும். பிப்ரவரி பிறக்கும் முன் தகப்பனும் மகனும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது.

2026-ஆம் ஆண்டுக்கு மகன் இல்லை. மகளுக்கு ஜூனில் 17 நிறைவதால், பிறந்தநாள் வரை என்று பாதி கிடைக்காது. ஆண்டு முழுவதற்கும் அவள் 500 டாலர் வரிசைக்கு வந்துவிடுகிறாள். ஆகவே மூன்றாம் படியில் இனி எழுத வேண்டியது 500 மட்டுமே. 2,500-க்கும் 500-க்கும் உள்ள 2,000 டாலர் வேறுபாட்டை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் பெறுபவருக்கு 26-ஆல் வகுத்தால், ஒவ்வொரு சம்பளத்திலும் ஏறத்தாழ 77 டாலர் கூடுதலாகப் பிடிபடும். கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பதால், இந்தத் தொகையை ஒருவர் படிவத்தில் மட்டும், கூடுதல் சம்பளம் பெறுபவருடைய படிவத்தில் எழுதுவதே முறை. இருவரும் எழுதினால் இரட்டிப்பாகக் குறைந்து, ஆண்டு முடிவில் பெருந்தொகை கட்ட நேரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் வேறு படிவம் தேவையில்லை.

அந்தப் படிவம் தானாகக் காலாவதி ஆவதில்லை. உங்கள் தம்பி ஒன்றும் செய்யாவிட்டால் நிறுவனம் பழைய 2,500-ஐ வைத்தே 2026 முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்தம் போதாமல் போகும் வகையில் நிலைமை மாறினால் 10 நாட்களுக்குள் புதிய படிவம் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. படிவம் கொடுத்தபின் அதை நடைமுறைக்குக் கொண்டுவர நிறுவனத்துக்கு ஏறத்தாழ 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே இந்த மாதமே கொடுத்தால்தான் மார்ச் சம்பளத்திலாவது சரியாகும். ஆண்டு முடிவில் கட்ட வேண்டியது 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தாலோ, அந்த ஆண்டின் வரியில் 90 சதவீதமோ முந்தைய ஆண்டின் வரி முழுவதுமோ பிடித்தத்தில் வந்திருந்தாலோ அபராதம் இல்லை. முந்தைய ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் முழுவதும் என்பது 110 சதவீதமாகும். ஆண்டு நடுவில் விழித்துக்கொண்டவர்கள், நான்காம் படியில் கூடுதல் பிடித்தத் தொகையை எழுதிக் குறையை ஈடுசெய்யலாம். அமெரிக்க வருவாய்த் துறையின் இணையதளத்தில் பிடித்தத்தைக் கணக்கிடும் கருவி ஒன்று இருக்கிறது. இருவரின் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு அதில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அவரைச் சேர்க்க முடியாது. அமெரிக்கக் குடிமக்கள், அந்நாட்டில் வசிப்பவர்கள், கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிப்பவர்கள் ஆகியோரை மட்டுமே அங்கே சார்ந்திருப்பவராகக் காட்ட முடியும். மாதந்தோறும் அனுப்பும் பணத்தில்தான் தாயார் வாழ்கிறார் என்றாலும், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் வரை அந்தப் படிவத்தில் அவருக்கு இடமில்லை. அந்தப் பணத்துக்கு இங்கே தாயாரும் வரி கட்ட வேண்டியதில்லை. மகனிடமிருந்து வரும் தொகை உறவினர் தரும் அன்பளிப்பாகவே கொள்ளப்படும்.

கேள்வி: என் மகள் பெயரில் உள்ள வைப்புத் தொகையின் வட்டியை என் வருமானத்தோடு சேர்த்து அலுவலகத்துக்குச் சொல்லி, அதற்கும் வரி பிடித்துவருகிறார்கள். அவளுக்கு 2025 அக்டோபரில் 18 வயது நிறைந்துவிட்டது. படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இனியும் சேர்க்க வேண்டுமா? – வாசகர், வள்ளியூர்.

பதில்: வேண்டியதில்லை. மகள் உங்களைச் சார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும், இந்த விதிக்கு வயது மட்டுமே கணக்கு. 18 நிறையும் நாள் வரையிலான வட்டி, பெற்றோரில் கூடுதல் வருமானம் உள்ளவரோடு சேரும். அதற்குப் பிந்திய வட்டி மகளின் சொந்த வருமானம். அலுவலகத்துக்கு ஏப்ரலில் கொடுத்த வட்டித் தொகையைக் குறைத்து இப்போதே எழுதிக்கொடுத்தால், மார்ச் வரையிலான பிடித்தம் அந்த அளவுக்குக் குறையும். மகளுக்குத் தனியே பான் எண் இருந்தால், அவர் பெரியவராகிவிட்ட விவரத்தை வங்கியில் புகைப்படத்தோடும் கையொப்பத்தோடும் பதிந்து, வைப்பைப் பான் எண்ணோடு இணைத்துவிடுங்கள். அவருக்கு வரிக்குரிய வருமானம் இல்லையென்றால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தெரிவிக்கும் 15ஜி படிவத்தை அவரே கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். இதுவரை அவருக்காக நீங்கள் இட்ட கையொப்பம் இனி அந்த வங்கியில் செல்லாது.